பின்வாங்க ஓர் இடம்

எனக்குக் கோபம் வந்தால் அடங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த அக்காவைப் பற்றிப் பேச வாயைத் திறந்தாலே எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாகத்தான் வரும். பெயர் சொல்ல மாட்டேன். அவருடைய வீட்டுக்காரர் இன்னும் அல்சூரில்தான் இருக்கிறார். நாலு தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் குடும்பம். அவருக்குத் தமிழ் பேச வரும், படித்ததெல்லாம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். ஆனாலும் யாராவது படித்துக் காட்டிவிட்டால் என்ன செய்வது, அதனால் பெயர் வேண்டாம். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஸ்டேஷனரி கடைக்கு மேலே இருக்கிற மாடி ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம். நீள மேஜை, அதன்மேல் பச்சைத் துணி, தெர்மகோலில் வெட்டிய குன்றுகள், பழைய பாத்திரம் தேய்க்கும் நாரில் செய்த மரங்கள். அதற்கு நடுவே கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஈயப் பொம்மை வீரர்கள். நாலு பேரை ஓர் அட்டையில் ஒட்டினால் அது ஒரு படைப்பிரிவு. டேப் வைத்து அளந்து நகர்த்துவோம், டைஸ் உருட்டிச் சண்டை போடுவோம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய போர்களை மறுபடி ஆடிப் பார்ப்பதுதான் விளையாட்டு. வளர்ந்த ஆம்பிளைகளுக்கு வேறு வேலை இல்லையா என்று என் பெண்டாட்டி கேட்பாள். நியாயமான கேள்விதான்.

நான் ரோமன். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு கேப் அனுப்புகிற வேலை எனக்கு. வாரம் முழுக்க டிரைவர்களோடும் டிராபிக்கோடும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வருகிறவனுக்கு, நிறுத்திய இடத்தில் வரிசை கலையாமல் நிற்கிற ரோமானியரைப் பார்த்தாலே மனசு குளிர்ந்துவிடும். நாலு பக்கமும் சுற்றி வளைத்து, ஓர் ஆளை விடாமல் துடைத்து எடுப்பதுதான் என் ஸ்டைல்.

அக்கா முதல்முதலாக மாடி ஏறி வந்தது அப்படி நான் ஒருவனைத் துடைத்துக்கொண்டிருந்த நாளில். கீழே கடையில் ஏதோ வாங்க வந்தவர், மேலே என்ன இவ்வளவு சத்தம் என்று பார்க்க வந்திருக்கிறார். காட்டன் புடவை, தோளில் பை, மூக்கு நுனியில் கண்ணாடி. மேஜையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, என் ரோமானியருக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்த அட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"இவங்க இப்ப எங்கப்பா போவாங்க?"

"எங்கயும் போக முடியாது மேடம். பின்வாங்க இடம் இல்லன்னா அந்த அட்டை அவுட். எடுத்து வெளிய வெச்சிடணும்."

"அப்படின்னு யார் சொன்னது?"

"ரூல் மேடம். எவனோ வெள்ளக்காரன் எழுதினது."

"அவன் பொண்டாட்டி பாவம்" என்றார்.

ஹாலே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த மாதம் சொந்தமாக ஒரு படையோடு வந்தார். திரேசியர். கிரேக்கத்துக்கு வடக்கே மலைகளில் வாழ்ந்த ஜனங்கள். தலையில் நரித்தோல் குல்லாய், கையில் பிறை வடிவக் கேடயமும் எறி ஈட்டியும், சிலரிடம் அரிவாளை இழுத்து நீட்டிவிட்ட மாதிரி ஒரு கத்தி. காட்டுக்குள்ளிருந்து பாய்வார்கள், அடிப்பார்கள், சரிப்படவில்லை என்றால் மலைக்கு ஓடிவிடுவார்கள். இத்தனை படை இருக்கும்போது இவர்களை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"இவங்களுக்குத்தாம்பா ஓடறதுல வெக்கமே இல்ல."

அந்தப் படையை அவர் டிபன் கேரியரில் கொண்டுவருவார். மேல் தட்டில் பஞ்சு வைத்துக் குதிரைப்படை, நடுத்தட்டுகளில் காலாட்கள், அடித்தட்டில் எங்களுக்கு முறுக்கோ நிப்பட்டோ. அவருடைய திரேசியர் மேல் எப்போதும் லேசாகப் பெருங்காய வாசனை வரும்.

ஆட்டத்தில் அவருக்கு ஒரு பழக்கம். எப்படிப்பட்ட சண்டையாக இருந்தாலும், எதிரிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைப்பார். அங்கே ஆள் நிறுத்தினால் ஆட்டம் முடிந்துவிடும் என்று எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? நிறுத்த மாட்டார். என் ரோமானியர் உடைந்து அந்த இடைவெளி வழியாக ஓடுவார்கள். துரத்தினால் பிடித்துவிடலாம். துரத்தவும் மாட்டார்.

"துரத்துங்க அக்கா! ஜெயிச்சிட்டீங்க, விட்டுடாதீங்க!" என்று எதிராளியான நானே கத்துவேன்.

"ஜெயிச்சாச்சில்ல, அப்புறம் என்ன? அவங்களும் வீடு போய்ச் சேரட்டும்."

எங்கே வீடு போய்ச் சேர்வது! ஓடினவர்களைத் திரட்டி மறுபடி கொண்டுவந்து நான்தான் பாதி நாள் ஜெயிப்பேன். ஜெயித்துவிட்டு எரிச்சலோடு வீட்டுக்குப் போவேன். பிச்சையாகக் கிடைத்த வெற்றி யாருக்கு வேண்டும்? இதை அவரிடம் ஒருமுறை சொல்லியே விட்டேன். "பிச்சையெல்லாம் இல்லப்பா, எனக்கு மடக்கத் தெரியல, அவ்ளோதான்" என்றார். அது பொய். மடக்குகிற இடத்தை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பார்.

மேஜையில் மட்டும் என்றால் விட்டுவிடலாம். மனுஷர்களிடமும் அப்படித்தான். எங்கள் கூட்டத்தில் ஒரு சாப்ட்வேர் பையன், ஆடும்போது டேப்பின் நுனியைச் சுண்டுவிரலால் கொஞ்சம் தள்ளிவைத்து அளப்பான். ஒருநாள் அவன் குதிரைப்படை அக்காவின் வில்லாளிகளை எட்டவில்லை. எட்டின மாதிரி அளந்தான். நான் பார்த்துவிட்டேன். "டேய்" என்று வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"தம்பி, என் கண்ணாடிக்குப் பவர் மாத்தணும். நம்பரே சரியாத் தெரியல. நீங்களே இன்னொரு தரம் அளந்து சொல்லிடறீங்களா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. ஒழுங்காக அளந்தான். "எட்டல ஆண்ட்டி" என்றான். "அப்படியா, சரி" என்று முறுக்குத் தட்டை அவன் பக்கம் தள்ளினார். படியிறங்கும்போது நான் பொரிந்து தள்ளினேன்.

"அவன் ஏமாத்தினது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"அவன் அடுத்த வாரமும் வரணும்ல?"

வந்தான். இன்றைக்கும் வருகிறான், ஒழுங்காக அளக்கிறான்.

அக்கா வேலை பார்த்தது மின்சார அலுவலகத்தில், புகார் மேசையில். கரெண்ட் போனவன் எப்படி வருவான் என்று சொல்லவா வேண்டும்? ஒருமுறை அவரைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு பெரியவர் கன்னடத்தில் கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தார். "ஏனாயித்து ஸ்வாமி?" என்ன ஆச்சு என்று அக்கா ரொம்பச் சாவதானமாகக் கேட்டார். நாலு கேள்வியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது, தெருவில் எல்லோருக்கும் கரெண்ட் இருக்கிறது, இவர் வீட்டில்தான் யாரோ மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். நானாக இருந்தால் அந்த ஆளைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அக்கா என்ன சொன்னார் தெரியுமா? சில சமயம் எலி ஓடினால் சுவிட்ச் கீழே விழுந்துவிடும், இந்தப் பக்கம் எலி ஜாஸ்தி, எதற்கும் ஒருதரம் பாருங்கள், இல்லையென்றால் லைன்மேனை அனுப்புகிறேன் என்றார். பெரியவர் எலியைத் திட்டிக்கொண்டே சாந்தமாகப் போனார்.

"எலியா அக்கா?" என்றேன்.

"அவர் வீட்ல எலி இல்லாமலா இருக்கும்?"

என்னையே ஒருமுறை அப்படிக் காப்பாற்றினார். எனக்கும் பெண்டாட்டிக்கும் பெரிய சண்டை. அவள் கோபித்துக்கொண்டு சந்தாபுராவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நானாகப் போய்க் கூப்பிட மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன், அப்படிச் சொன்ன பிறகு எப்படிப் போவது? அக்காவிடமிருந்து போன். "சந்தாபுராவுல எனக்கு ஒரு வேலை இருக்குப்பா, வண்டியில கூட்டிட்டுப் போறியா?" ஓசூர் ரோடு நெரிசல் முழுக்கத் திரேசியக் குதிரைகளுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தார். சரியாக என் மாமியார் தெருமுனையில் நிறுத்தச் சொன்னார்.

"எனக்கு ஒருத்தரப் பாக்கணும், கொஞ்ச நேரம் ஆகும். நீ எதுக்கு வெயில்ல வண்டிக்குள்ள வேகணும்? உங்க மாமியார் வீடு இங்கதானே எங்கயோ? போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வா."

போனேன். பெண்டாட்டியோடும் பையோடும் திரும்பி வந்தபோது அக்கா இளநீர் வண்டிப் பக்கத்தில் நின்று வழுக்கை தின்றுகொண்டிருந்தார். "வேலை ஆயிடுச்சா?" என்றேன். "ஆயிடுச்சு" என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. பின்சீட்டில் என் பெண்டாட்டிதான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

இப்படிப்பட்டவரை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பேஜார் இருந்துகொண்டே இருந்தது. எல்லோருக்கும் இடம் விட்டுக்கொண்டே இருந்தால் இவருக்கு யார் விடுவார்கள்?

அக்காவுக்கு வயிற்றில் வலி வந்தது. ஆட்டத்துக்கு நடுவில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். தெரிந்த டாக்டர் ஒருவர், பல வருஷமாகப் பார்ப்பவர், கேஸ் என்று மாத்திரை கொடுத்தார். மறுபடி போனார், மறுபடி கேஸ். ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"கேட்டேம்பா. தேவையில்லன்னார். மறுபடி மறுபடி கேட்டா, அவர நம்பலன்னு ஆயிடும். பாவம், வயசானவர்."

வேறொரு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது வயிறு முழுக்கப் புற்று பரவியிருந்தது. அந்தச் செய்தியை அக்கா ஹாலில் வைத்துத்தான் என்னிடம் சொன்னார், படையை அடுக்கிக்கொண்டே. நான் எல்லோர் முன்னாலும் அவரைப் பார்த்துக் கத்தினேன். "ஒரே ஒருத்தரையாவது மடக்கிப் பிடிச்சிருந்தா என்ன அக்கா? அந்த டாக்டர் சட்டையப் பிடிச்சு உலுக்கியிருக்கக் கூடாதா?"

"பழக்கம் இல்லப்பா" என்றார். டிபன் கேரியரின் மூடியைத் திருகி மூடினார்.

சிகிச்சை ஆரம்பித்தது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று. முடி போயிற்று, உடம்பு பாதியாயிற்று. வாயெல்லாம் புண், தண்ணீர் குடித்தால்கூட எரிந்தது. கட்டி மட்டும் குறையவே இல்லை. அக்காவின் வீட்டுக்காரரை நாங்கள் சார் என்போம். பாலம் கட்டுகிற இன்ஜினியராக அரசாங்க வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். அதுவரை எங்கள் ஹால் பக்கம் வந்ததில்லை. வாய் அதிகம் பேசாத மனுஷர், இப்போது ராப்பகலாகப் போனில் டாக்டர்களோடு பேசினார், பீட்ரூட் சாறு பிழிந்தார், வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தார். மூன்றாவது சுற்று கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் பலன் கிடைப்பது கஷ்டம், நீங்களே முடிவு செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொடுத்தே பார்ப்பது என்று சார் முடிவு செய்துவிட்டார். அக்காவுக்குப் போதும் என்று இருந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதும், இருக்கிற நாளை வீட்டில், ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் கழித்துவிட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான், அதையும் என்னிடம்தான் கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு, ரோமானியரை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். சாப்பாட்டு மேஜையில் பெட்ஷீட் விரித்து, கிண்ணங்களைக் கவிழ்த்துக் குன்றாக்கினோம். நான் உட்காரப் போனேன்.

"நீ வேணாம்பா. இன்னைக்கு அவர் ஆடட்டும். என்னங்க, வாங்க."

சார் கூச்சப்பட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு ரூலையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பாலம் கட்டின கையல்லவா, வரிசை ஒரு நூல் பிசகவில்லை. அக்காவின் திரேசியர் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசியில் ஒரே ஓர் அட்டை, சுவர்ப் பக்க மூலையில். முன்னாலும் இரண்டு பக்கமும் ரோமானியர், மிச்சமிருந்த ஒரே இடைவெளியில் சார் இன்னோர் அட்டையைக் கொண்டுபோய் வைத்தார்.

"இது சரியாப்பா?" என்று என்னைப் பார்த்தார்.

"சூப்பர் சார்" என்றேன் பழக்கதோஷத்தில். சொன்ன மறுவிநாடி நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா அந்தக் கடைசி அட்டைமேல் விரலை வைத்தார். "என்னங்க, இவங்களுக்குக் கொஞ்சம் இடம் விடறீங்களா?"

"ரூல்ல இருக்கா?"

"ரூல்ல இல்ல. நான் கேக்கறேன்."

சார் அட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, சத்தியமாகப் புரிந்துவிட்டது, அவர் கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன்.

"இன்னும் ஒரு தரம் போட்டுப் பாக்கலாம்மா" என்றார். "டைஸ் உனக்கு நல்லா விழலாமில்ல? யார் கண்டா?"

"விழலாம்" என்றார் அக்கா.

"சாறு குடிக்கிற நேரம் ஆச்சு" என்று சார் எழுந்து சமையலறைக்குப் போனார். மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேராச் சொல்லுங்க அக்கா. வேணாம்னு சொல்லுங்க. இல்ல நான் சொல்லட்டுமா? இப்பவே போய்ச் சொல்றேன்."

"வாய மூடு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

பிறகு மெதுவாகப் பேசினார். "கண்டிப்பா வேணாம்னு நான் சொன்னா ஒத்துக்குவார்டா. எனக்குத் தெரியும். அப்புறம்? நான் போயிடுவேன். இவர் இந்த வீட்ல ஒத்தையா உக்காந்துக்கிட்டு, இன்னொரு ரவுண்டு குடுத்திருந்தா பொழச்சிருப்பாளோன்னு நெனச்சு நெனச்சே சாவார். அதுலருந்து வெளிய வர அவருக்கு வழியே கெடையாது. அப்படி விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

"உங்களுக்கு வலிக்குமே அக்கா."

"வலிக்கும்" என்றார்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்குவார் என்று நினைத்தேன். வாங்கவில்லை. சார் தம்ளரோடு வந்தார். அக்கா புண் எரிய எரிய முழுவதையும் குடித்தார்.

மூன்றாவது சுற்றில் அக்கா பட்டதை நான் எழுதப்போவதில்லை. ஐசியூவில் சாரை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். ஒருநாள் சாயங்காலம் அக்கா என்னைப் பார்த்துவிட்டுக் கையை லேசாகத் தூக்கி ஆட்டினார். உள்ளே கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இல்லை, போ போ, டிராபிக் ஆகிவிடும் என்று விரட்டுகிறார். அதுதான் அவரை நான் உயிரோடு பார்த்த கடைசித் தடவை. குழாய்களுக்கு நடுவில், யார் யாரோ நர்சுகளுக்கு நடுவில், வீட்டு ஜன்னலைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார்.

சாரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அக்காவை எடுத்த அன்றைக்கு அவர் பக்கத்தில்கூட நான் போகவில்லை. அவர் அழவில்லை, யார் கையைப் பிடித்தாலும் தலையாட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்றார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. ஒருநாள் இந்த மனுஷரை நிற்கவைத்துக் கேட்பேன் என்று கறுவிக்கொண்டேன். என்ன கேட்க வேண்டும், எந்த வார்த்தையில் கேட்க வேண்டும் என்றுகூட ஒயிட்ஃபீல்ட் மெட்ரோவில் நின்றுகொண்டே ஒத்திகை பார்த்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சாரே போன் செய்தார். போனேன். வீட்டில் அவர் மட்டும்தான். காபி போட்டுக் கொடுத்தார், சர்க்கரை போட மறந்திருந்தார். மழிக்காத முகம், மேல்பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை. எதிரில் உட்கார்ந்து நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"ஏம்பா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ மறைக்கக் கூடாது. அந்தக் கடைசி ரவுண்டு... அவளுக்கு இஷ்டம் இல்லாமலா நான் இழுத்துட்டுப் போனேன்? உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

எத்தனை நாளாக ஒத்திகை பார்த்தது! நானாக வளைத்திருந்தால்கூட அவர் இவ்வளவு தோதாக வந்து மாட்டியிருக்க மாட்டார்.

"சொன்னாங்க சார்" என்றேன்.

சார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தரம் பாத்துடலாம்னு அவங்கதான் சொன்னாங்க. உங்களுக்காக இல்ல சார், அவங்களுக்கே ஆசை இருந்துச்சு. பொழைச்சு வந்து உங்களத் தோக்கடிக்கணும்னாங்க."

"அவளேவா சொன்னா?"

"அவங்களேதான் சார்."

அக்கா போனதிலிருந்து அந்த மனுஷர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார்.